பந்தியில் மலர்ந்த யோகம்

திருவனந்தபுரத்திற்குக் கிழக்கே, பழைய தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ளது போனக்காடு. அகத்தியர்கூடத்திற்கு நடந்து செல்லும் அன்பர்கள் இங்கிருந்தே புறப்படுகின்றனர். 1,868 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தில் அகத்திய மாமுனிவரின் திருவுருவம் உள்ளது. தமிழுக்கும் சித்த மருத்துவத்திற்கும் யோகத்திற்கும் ஆதிகுருவாக நாம் போற்றும் அம்முனிவர் இன்றும் அங்கே தவமியற்றுகிறார் என்பது அடியார்களின் நம்பிக்கை.

யோக குருவை நாடும் மனம் மலையை நோக்குவது இயல்பே. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்கு வாய்த்த யோக குரு ஒருவர் குகையில் வாழவில்லை. ஆங்கிலேய ரெசிடெண்டின் தைக்காட்டு மாளிகையில் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தார்! அவரே தைக்காடு அய்யா சுவாமிகள் (1814–1909).

தமிழகத்தில் பிறந்தவர், இயற்பெயர் சுப்பராயன். மனைவி மக்களோடு வாழ்ந்த இல்லறத்தார். சிவராஜயோகத்தில் கைதேர்ந்த அவரிடம்தான் சட்டம்பி சுவாமிகளும் ஸ்ரீ நாராயண குருவும் யோகம் பயின்றனர். உத்தியோகமும் குடும்பமும் சாதனைக்குத் தடை என்று முறையிடுவோர் இவ்வாழ்க்கையைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இதனினும் அரியது ஒன்றுண்டு. தாழ்த்தப்பட்டோர் பொதுவழியில் நடப்பதும் குற்றமாகக் கருதப்பட்ட அந்நாளில், அய்யா தம் இல்லத்தில் எல்லாச் சாதியினரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவு படைத்தார். ஏச்சும் எதிர்ப்பும் வந்தன, பந்தி நிற்கவில்லை. அஷ்டாங்க யோகத்தில் ஆசனம் மூன்றாவது அங்கமே. முதல் அங்கம் யமம். அதனுள்ளும் முதலில் நிற்பது அஹிம்சை. இன்று பலரும் மூன்றாவதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறோம். பக்கத்து இலையில் அமர்ந்தவனை இழிந்தவனென்று எண்ணும் மனம் எத்தனை நாழிகை மூச்சை அடக்கினால்தான் என்ன? அய்யாவுக்குச் சமபந்தி யோகத்தின் புறத்தே செய்த சமூகத்தொண்டு அன்று. யோகத்தின் முதற்படியே அது.

சீடர்கள் வழியே அந்த யோகம் பரவியது. 1892-இல் எர்ணாகுளத்தில் சுவாமி விவேகானந்தர் சின்முத்திரையின் உட்பொருளை வினவியபோது, அவர் மனம் நிறையுமாறு விளக்கியவர் சட்டம்பி சுவாமிகள். அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னரே, 1888-இல், நாராயண குரு அருவிப்புறத்தில் நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். பிறப்பைக் காரணம் காட்டி அவ்வுரிமை மறுக்கப்பட்டிருந்த சமூகத்தில் தோன்றியவர் அவர். நெய்யாறு உற்பத்தியாவதோ அகத்தியமலையில். அப்போது எழுபதைக் கடந்திருந்த அய்யா, தைக்காட்டில் தம் அலுவலைக் கவனித்துக்கொண்டிருந்தார்.