சோதிப்பது நம்பிக்கையின்மையா?

ஒன்றைச் சோதித்துப் பார்ப்பது, அதன்மேல் நமக்கு நம்பிக்கை இல்லை என்பதைக் காட்டுமா? மனித உறவுகளில் இவ்வினா அடிக்கடி தலைதூக்குகிறது. “என்னை நம்பவில்லையா?” என்று கேட்பவர், சோதனையை ஓர் அவமதிப்பாகவே கருதுகிறார். தமிழில் ‘சோதனை’ என்னும் சொல்லே பல பொருள்களைச் சுமந்து நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் செய்வதும் சோதனை. வாழ்வில் வந்து மோதும் துன்பமும் சோதனை. தீமையின்பால் நம்மை ஈர்க்கும் கவர்ச்சியும் சோதனை. ஆகவே எச்சோதனை நல்லது, எச்சோதனை தீயது எனப் பகுத்துணர்வது அறவாழ்வுக்கு இன்றியமையாததாகிறது. இதற்கு ஓர் எளிய விளையாட்டுப் பொருளைத் துணைக்கு அழைப்போம். காலியான குளிர்பான பாட்டிலையும் சைக்கிள் பம்பையும் கொண்டு வீட்டிலேயே செய்யப்படும் நீர் ராக்கெட்டே அது.

‘பெட்’ என்று சுருக்கமாக வழங்கும் பிளாஸ்டிக்கால் ஆன பாட்டிலுக்கு, அமெரிக்கப் பொறியாளர் நத்தானியேல் வயத் 1973-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். வாயு கலந்த பானத்தின் அழுத்தத்தைத் தாங்கும்படி அமைந்த அந்தப் பாட்டில், இன்று பல நாடுகளில் சிறுவரும் பெரியவரும் வானில் ஏவி மகிழும் ராக்கெட்டாகவும் மாறியிருக்கிறது. இங்கிலாந்தின் டெடிங்டன் நகரிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இதற்கெனப் போட்டிகளையே நடத்தியிருக்கிறது.

இதன் அமைப்பு எளிது. பாட்டிலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, வாயை அடைத்து, தலைகீழாக ஏவுதளத்தில் நிறுத்துகிறார்கள். அடைப்பின் வழியே பம்பினால் காற்று ஏற்றப்படுகிறது. கயிற்றை இழுத்துப் பிடியைத் தளர்த்தியதும், அடைபட்ட காற்று நீரைக் கீழே தள்ளுகிறது. நீரோ பாட்டிலை மேலே தள்ளுகிறது. 1687-இல் நியூட்டன் வெளியிட்ட மூன்றாம் விதி அங்கே கண்முன் நிகழ்கிறது. நீர் மிகக் குறைந்தால் உந்தித் தள்ளப் போதிய எடை இராது. மிகுந்தாலோ, காற்றுக்கு இடமின்றிப் போகும். சரியான அளவை, வெவ்வேறு அளவுகளில் நீர் ஊற்றி மீண்டும் மீண்டும் ஏவிப் பார்த்தே தெளிகிறார்கள்.

ஆயினும் நம் சிந்தனைக்கு உரியது வானில் நிகழும் சோதனையன்று. அதற்கு முன்னரே தரையில் நிகழும் சோதனையாகும். பொறுப்புள்ளவர்கள் புதிதாகச் செய்த ராக்கெட்டை உடனே ஏவுவதில்லை. முதலில் பாட்டில் முழுவதையும் விளிம்புவரை நீரால் நிரப்புகிறார்கள். உள்ளே காற்று சிறிதும் இராதவாறு பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு, ஏவும்போது தரப்போகும் அழுத்தத்தைக் காட்டிலும் மிகுதியான அழுத்தத்தைத் தருகிறார்கள். சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தத்தில் ஏவப்போவதானால், இங்கே 90 பவுண்டு வரை ஏற்றிப் பார்க்கிறார்கள். அதையும் எட்ட நின்றே செய்கிறார்கள்.

இதற்கு ஏன் காற்றை விடுத்து நீரைத் தேர்ந்தார்கள்? காற்று சுருங்கும் இயல்புடையது. சுருங்கும்போது வில்லைப் போல ஆற்றலைத் தன்னுள் சேர்த்து வைக்கிறது. காற்றடைத்த பாட்டில் வெடித்தால் அவ்வாற்றல் முழுவதும் ஒரே கணத்தில் வெளிப்பட்டு, துண்டுகள் தெறித்து, கண்ணையும் பறித்துவிடக்கூடும். நீரோ மிகச் சிறிதளவே சுருங்குகிறது. நீர் நிறைந்த பாட்டில் பிளந்தால், அழுத்தம் அக்கணமே தணிந்துவிடுகிறது. தரை நனையும், அவ்வளவே. பாட்டிலில் கீறல் இருந்ததா, வெயிலில் கிடந்து நலிந்ததா, ஒட்டிய பசையின் சூட்டில் உருக்குலைந்ததா என்பவை எல்லாம், எவருக்கும் ஊறு நேராமலே வெளிப்பட்டுவிடுகின்றன.

இங்கேதான் அறநெறி ஒன்று ஒளிர்வதைக் காண்கிறோம். நம் செயலில் குறை இருக்கக்கூடும் என்பது மனித இயல்பு. அக்குறை என்றேனும் ஒருநாள் வெளிப்படும் என்பதும் உறுதி. ஆனால் அது எங்கே, எவர் முன்னிலையில், எவருடைய செலவில் வெளிப்பட வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் நம்மிடமே இருக்கிறது. சோதிக்காதவன் சோதனையைத் தவிர்த்துவிடுவதில்லை. அதைப் பிறர் தலைமேல் நடத்துகிறான். திருவிழாப் பந்தலின் மின்கம்பிகளை முன்னரே பார்க்காதவர், கூடிவந்த மக்களைக் கொண்டு அவற்றைச் சோதிக்கிறார். கேள்விப்பட்ட செய்தியை விசாரிக்காமல் பரப்புபவர், அயலாரின் நற்பெயரை வைத்துச் சோதிக்கிறார். ஆகவே, தான் செய்த பொருளை முன்கூட்டிச் சோதிப்பவன் நம்பிக்கை குன்றியவன் அல்லன். தன்னை நம்பி அருகில் நிற்பவரை மதிப்பவன்.

எனினும் சோதித்தல் மட்டும் போதுமா? சோதனை சொன்ன தீர்ப்புக்குக் கீழ்ப்படிதல் அதனினும் அரிது. நீர் ராக்கெட்டின் ஏவுதளத்தில், காற்றுக் கசியாதபடி சிறிய ரப்பர் வளையம் ஒன்றைப் பொருத்துவதுண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து புறப்பட்ட ‘சேலஞ்சர்’ விண்ணோடம் 73 வினாடிகளில் சிதைந்தபோது, அதன் காரணமும் ஒரு ரப்பர் வளையத்தில் தொடங்கியது. முந்தைய பயணங்களிலேயே அத்தகைய வளையங்கள் அரிக்கப்பட்டிருந்ததைப் பொறியாளர்கள் கண்டிருந்தனர். கடுங்குளிரில் ஏவ வேண்டாம் என்று, ரோஜர் பாய்ஸ்ஜோலி உள்ளிட்டோர் முந்தைய இரவே வாதாடினர். மேலாளர்கள் அதை ஏற்கவில்லை. பள்ளி ஆசிரியை ஒருவர் உட்பட எழுவர் உயிரிழந்தனர். பின்னர் விசாரணைக் குழுவில் இருந்த அறிவியலறிஞர் ரிச்சர்டு ஃபெய்ன்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டை இறுக்கிப் பிடித்துப் பனிக்கட்டி நீரில் இட்டார். குளிர்ந்த ரப்பர், விடுவித்த பின்னும் உடனே தன் வடிவுக்குத் திரும்பவில்லை. பலரும் காணும்படி ஒரு குவளை நீரில் அவர் எடுத்துக்காட்டிய உண்மையை, அறிந்தவர்கள் முன்னரே சொல்லியிருந்தார்கள். கேட்கும் மனம்தான் அன்று இல்லாதிருந்தது.

எனவே சோதனையில் இருவகை உண்டு எனலாம். ஒன்று, நாம் முன்னரே முடிவுசெய்ததற்கு ஒப்புதல் தேடுவது. மற்றொன்று, நம் குறையைத் தேடுவது. ராக்கெட் செய்வோர் மற்றொரு சோதனையும் செய்வதுண்டு. நூல் ஒன்றை ராக்கெட்டின் சமன் நிற்கும் இடத்தில் கட்டித் தலைக்குமேல் சுழற்றுகிறார்கள். முனை முன்னோக்கிச் சென்றால் அது நேராகப் பறக்கும் என்று கொள்ளலாம். புரண்டு தடுமாறினால், முனையில் எடை கூட்டவோ வால் இறக்கைகளைப் பெரிதாக்கவோ வேண்டும். நூலை மெல்ல ஆட்டிவிட்டு “நன்று” என்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். தோற்க வழியில்லாத சோதனை சோதனையே அன்று. நாம் மேற்கொள்ளும் ஆன்ம சோதனைக்கும் இது பொருந்தும் அன்றோ? நம் நற்செயல்களை மட்டும் எண்ணி மகிழ்ந்து எழுந்துவிட்டால், நாம் நூலை மெல்ல ஆட்டியவர்களே ஆவோம்.

அப்படியானால் மனிதரையும் இவ்வாறே சோதிக்கலாமா என்னும் வினா எழுகிறது. கூடாது என்பதே நம் விடை. பாட்டில் பிளந்தால் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். பணியாளின் நேர்மையை அறியப் பணத்தை வேண்டுமென்றே கண்ணெதிரில் வைத்துச் செல்பவரும், அன்பை அளக்கப் பொய்க்கோபம் காட்டும் வாழ்க்கைத்துணையும், சோதனையின் முடிவு எதுவாயினும் ஒன்றை உடைத்துவிடுகிறார்கள். சோதிக்கப்பட்டதை அறிந்த உள்ளம் முன்போல் நெருங்கி வருவதில்லை. பொருளின் வலிமை அழுத்தத்தால் அறியப்படும். மனிதரின் உறுதியோ, நம்பி ஒப்படைக்கப்படும்போதுதான் வளரும். பிள்ளையிடம் ஏவுகயிற்றைக் கொடுக்கும் தந்தை, அவனைச் சோதிக்கவில்லை, அவனை நம்புகிறார். அந்த நம்பிக்கையை அவர் துணிந்து அளிக்க முடிவது, பாட்டிலை முன்னரே சோதித்துவிட்ட காரணத்தால்தான்.

இவ்வாறு நோக்குகையில், சோதனையும் நம்பிக்கையும் பகைகளல்ல என்பது புலனாகிறது. இரண்டும் உரிய இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவே. நம் கைவேலையையும் நம் சொல்லையும் நம் நோக்கத்தையும் கடுமையாகச் சோதிப்போம். நம்மை நம்பி வருபவரையோ சோதியாது ஏற்போம். பல நேரங்களில் நாம் இதைத் தலைகீழாகச் செய்துவருகிறோம். நம்மைப் பற்றி ஐயமே கொள்ளாமல் பிறரை ஐயுற்றபடி இருக்கிறோம். பலமுறை ஏவிய பாட்டிலை, அது இன்னும் உடையாதபோதே ஒதுக்கிவைத்துப் புதியதைச் சோதிக்கத் தொடங்கும் ஒரு மாணவனின் பொறுமை நமக்கு வாய்க்குமானால், நம் அருகில் நிற்போர் அச்சமின்றி வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள்.