பாளை சீவும் பருவம்

இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசலில் வேனில் வந்துவிட்டது என்பதற்குப் பதநீரைவிட நல்ல அத்தாட்சி இல்லை. பனை பாளை விட்டதும் கலயம் ஏறும். ஆடி வரை பருவம் ஓடும். இந்த இனிப்பு ஆண்டவன் கொடுத்ததா, ஏறியவன் சம்பாதித்ததா? வைணவம் இரண்டு கலையாகப் பிரிந்ததற்கு, அருள் கொடையா சம்பாத்தியமா என்ற இதே கேள்வியும் ஒரு காரணம். குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று குரங்கைக் காட்டினார்கள் தேசிகர் வழிவந்த வடகலையார். தாயே கவ்விச் செல்லும் என்று பூனையைக் காட்டினார்கள் மணவாள மாமுனிகள் வழிவந்த தென்கலையார்.

பனையடியில் நின்று பார்த்தால் இரண்டு கட்சியும் முழுதாக ஒத்துவரவில்லை. கனடாவில் மேப்பிள் மரத்தில் ஒரு துளை போட்டுவிட்டால், இரவு உறைந்து பகலில் உருகும் நாட்களில் சாறு தானாக வடியும். பூனைக் கட்சிக்கு ஏற்ற மரம் அது. பனை அப்படி விடாது. பாளையைக் கடிப்பு என்னும் கருவியால் நாள்கணக்கில் இடுக்கிப் பதப்படுத்த வேண்டும். பிறகு காலையும் மாலையும் ஏறி, நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ மறந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் (சிலருக்கு அதில் வருத்தமில்லை). ஆனால் இத்தனை பாடுபட்டவன் ஒரு சொட்டைக்கூட உண்டாக்கவில்லை. வெயிலைக் கொண்டு ஓலை சமைத்த சர்க்கரை அது. ஆகவே அவன் உழைப்பு விலையல்ல, வழிவிடுதல். குரங்குக் கட்சியும் இங்கே கொஞ்சம் தளர வேண்டும்.

பூவுக்குப் போகும் சாறுதானே, இதில் அருள் எங்கே வந்தது என்று தாவரவியல் கேட்கும். சாறு எப்படி வருகிறது என்பது அதன் கேள்வி; வந்ததை யார் தனதென்று சொல்லலாம் என்பது நம் கேள்வி. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: நெஞ்சு காய்த்துப்போக ஏறுகிறவனிடம் அருள் என்று பேசுவது, ஏறாதவனுக்குச் சுலபம். நியாயம்தான். திருவிதாங்கூரில் பனையேறியின் ஏணிக்கும் காலில் மாட்டும் தளைநாருக்கும்கூட ஏணிக்காணம், தளைக்காணம் என்று வரி வாங்கினார்கள். அந்த வரிக்கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டர் (1809–1851) அதைச் சமயத்தின் மொழியிலேயே கண்டித்தார். அவர் பக்கம்தான் தர்க்கம் நிற்கிறது. பதநீர் வெறும் கூலியென்றால் அரசன் அதில் பங்கு கேட்க ஏதாவது சாக்கு கிடைக்கும். கொடையென்றால், கொடுத்தவனுக்கும் ஏறியவனுக்கும் நடுவே கை நீட்ட அவன் யார்?