ஒண்ணும் ஆகலையே!

வெளியூர் கிளம்பும்போது நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறோம். டயருக்கும் முகத்துக்கும் அரையடி தூரம்தான். ஆனாலும், டயரைப் பார்ப்பதில்லை. பழம் நசுங்கியதும், 'ரைட், போலாம்!'

கேட்டால், ''போன வருஷம் இதே வண்டியிலதானே வால்பாறை போய்ட்டு வந்தோம்... ஒண்ணும் ஆகலையே!'' என்பீர்கள்.

வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-ல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு. பரிசோதித்தால் செலவு. 'எத்தனை புயலைத் தாண்டி வந்த கப்பல்! கடவுள் பார்த்துப்பார்' என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்கிறார். மனசார நம்பவும் செய்கிறார். பிழைப்பு தேடிப் போகும் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. முதலாளிக்கு இன்ஷூரன்ஸ் பணம் வருகிறது.

அவர் குற்றவாளி. சந்தேகமில்லை. சரி, அதே கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தால்?

அப்போதும் அதே அளவு குற்றவாளிதான் என்கிறார் கிளிஃபர்ட். மாட்டிக்கொள்ளாத குற்றவாளி, அவ்வளவுதான்!

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இது சட்டென்று புரிகிறது. லாபம் வந்துவிட்டது என்பதற்காகக் கணக்கைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுபவர் நல்ல ஆடிட்டர் அல்ல.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். 'ஏறின கியரிலேயே இறங்கு' என்பார்கள் பழைய டிரைவர்கள். அதை மறந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறும். பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சமாச்சாரம். பழசானால் சீக்கிரம் கொதித்து, உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். அப்புறம் மிதித்தால், பஞ்சை மிதித்த மாதிரி பெடல் உள்ளே போகும். ஊருக்குள் ஓட்டும்வரை இது தெரியவே தெரியாது.

''என் வண்டி, என் உயிர், உங்களுக்கென்ன?''

பின்சீட்டில் தூங்குகிற குழந்தையைக் கேட்டீர்களா? வளைவில் எதிரே ஏறி வரும் பஸ்ஸில் இருப்பவர்களை? உங்கள் பழைய பிரேக் ஆயிலுக்கு அவர்கள் யாரும் சம்மதம் தரவில்லையே! அதுவும் செல்போன் சிக்னல் இல்லாத காட்டுப் பாதையில், உதவி வந்து சேர நேரமாகும். ஆக, ஆளில்லாத ரோட்டில் நம் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது.

பெரிய வேலையில்லை. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆச்சா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். டயர் தேய்மானம், வெடிப்பு பாருங்கள். டயர் சூடேறும் முன்பே காற்றைச் சரிபாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. ஹெட்லைட், வைப்பர், ஜாக்கி... முடிந்தது.

''எல்லாம் பார்த்தும் விபத்து நடக்குதே சார்!''

நடக்கிறது. எல்லாம் பார்த்த பிறகு நடந்தால், அது துக்கம். பார்க்காமல் கிளம்பி நடந்தால், அது துக்கத்தோடு சேர்ந்த குற்றம். துக்கத்துக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். குற்றத்தை ராத்திரியில் நாம்தான் தனியாகச் சுமக்க வேண்டும்.