விழப்போகிறவருக்கான சுவர்

பால்காய்ச்சு நடக்கும் புதுவீட்டில் பெரியவர்கள் கதவையும் சமையலறைக் கிரானைட்டையும் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கையில், பிள்ளைகள் நேரே மாடிப்படியேறி மட்டுப்பாவுக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, போய்விடுவார்கள். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் இன்று எழும்புகிற பல வீடுகளில் மட்டுப்பாச் சுவரும் படிக்கட்டுக் கைப்பிடியும்தான் கடைசி வேலை. தேக்குக் கதவு வந்திருக்கும், வெளிப்பூச்சுக்கு மூன்று நிறம் வந்திருக்கும். கைப்பிடி மட்டும் வளைகுடாவிலிருந்து வரவேண்டிய அடுத்த பணத்துக்குக் காத்திருக்கும். கேட்டால், “இங்க ஆரு விழப்போறா?” என்பார்கள்.

கேட்கிறவர் விழமாட்டார் என்பது உண்மைதான். தன் வீட்டின் விளிம்பு எங்கே முடிகிறதென்று அவருடைய காலுக்குத் தெரியும். அந்த வீட்டைக் காலால் அறியாதவர்கள்தான் விழுகிறார்கள்: விருந்துக்கு வந்தவரின் பிள்ளை, வண்ணம் அடிக்க வந்த தொழிலாளி, மிளகு காயப்போட ஏறிய உதவிக்காரப் பெண், நடுராத்திரியில் கழிப்பறை தேடும் முதியவர். கைப்பிடிச் சுவர் இவர்களுக்காகக் கட்டப்படுவது. காசு ஒருவருடையது, காப்பு இன்னொருவருக்கு என்பதால்தான் அது எப்போதும் தள்ளிப்போகிறது.

குமரி மாவட்டத்தில் வேதாகமம் புழங்காத ஊர் குறைவு. அதன் உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டட விதி இருக்கிறது. புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையென்றால் அங்கிருந்து விழுகிறவனின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது அதன் சாரம். அதைப் பிரசங்கமாகக் கேட்டவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் இந்த விதியை எடுத்து அளவு சொன்னார். சுவர் பத்துக் கையகலத்துக்குக் குறையக்கூடாது, ஒருவர் சாய்ந்தாலும் விழாத உறுதி அதற்கு வேண்டும் என்றார். ஆடும் ஏணியையும் கடிநாயையும் வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்பதையும் யூதச் சட்டத் தொகுப்பான தல்மூது இதே விதியிலிருந்துதான் பெறுகிறது. விழுந்தவனின் கவனக்குறைவைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. பொறுப்பு முழுக்க வீட்டுக்காரனுடையது.

இன்றைய விதியும் அந்த அளவை ஒட்டியே நிற்கிறது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தேசியக் கட்டட நெறிமுறை 1970இல் முதலில் வந்தது, 2016இல் திருத்தப்பட்டது. மாடி, பால்கனி விளிம்புகளில் சுவரோ கைப்பிடியோ குறைந்தது ஒரு மீட்டர் வேண்டும் என்பது அதன் நிலை. இந்த அளவுக்கு உடம்பில்தான் காரணம் இருக்கிறது. நிற்கும் மனிதரின் எடைமையம் ஏறத்தாழத் தொப்புளை ஒட்டி இருக்கிறது. தடுப்பு அதற்குக் கீழே நின்றால், தடுக்கி விழுகிறவரின் மேலுடம்பு வெளியே போக, கால் தரையை விட்டு எழும்பிவிடும். தொடையளவு உயரச் சுவர் ஆளை நிறுத்தாது, புரட்டித்தான் விடும்.

பழைய வீடுகளில் இரண்டடிச் சுவர் சாதாரணம். அன்றைக்கு மட்டுப்பா என்பது தேங்காய் காயப்போடும் இடமாக மட்டும் இருந்தது. பிறகு மழை ஒழுகுகிறது என்று தட்டோடு பதித்தார்கள், தரை நாலைந்து அங்குலம் ஏறியது. வெயில் தாங்கவில்லை என்று ட்ரஸ் போட்டுத் தகரக் கூரை வேய்ந்தார்கள். இப்போது அங்கே டியூஷன் நடக்கிறது, கல்யாணப் பந்தி நடக்கிறது, வேனலில் குடும்பமே படுத்துத் தூங்குகிறது. தரை உயர்ந்தது, புழக்கம் கூடியது. சுவர் மட்டும் தேங்காய்க் காலத்து உயரத்திலேயே இருக்கிறது.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடக்கும் எவரும் கைப்பிடி எதற்கு என்று கேட்பதில்லை. 1960களில் பறளியாற்றுக்குக் குறுக்கே பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகக் கட்டிய பாலம் அது. 28 தூண்கள், சுமார் 115 அடி உயரம். கீழே பார்த்ததும் கை தானாகச் சுவரைத் தேடும். பன்னிரண்டடி உயர மாடியில் அந்தப் பயம் வராது. மனிதரைக் கொல்ல பன்னிரண்டடி தாராளமாகப் போதும்.

உயரம் சரியாக இருந்தாலும் இடைவெளி கவிழ்க்கும். அமெரிக்க வீட்டு விதிகளில், நாலங்குல உருண்டை எதுவும் கம்பிகளுக்கு நடுவே நுழையக்கூடாது என்று இருக்கிறது, குழந்தை நுழைந்துவிடக்கூடாது என்பதற்காக. நம்மூரில் இப்போது படுக்கைவாட்டில் நாலைந்து குழாய் ஓட்டும் பாணி வந்திருக்கிறது. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஏணி.

துருவும் ஒரு பெரிய விஷயம். ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை நீளும் கரையில் உப்புக்காற்று ஓயாமல் உள்ளே வருகிறது. எஸ்.எஸ். கைப்பிடி துருப்பிடிக்காது என்று நம்பி 202 ரகத்தைப் போடுகிறார்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவு ரகம் அது, கடலோரத்தில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி வைத்துவிடும். 304 அதைவிடத் தாங்கும், மாலிப்டினம் கலந்த 316 கடற்காற்றுக்கே உரியது. கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டுவார். 202, 304 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதுதான் வழி. அதைவிட முக்கியம் அடிப்பிடிப்பு. டைல்ஸோடு நின்றுவிடும் குட்டை போல்ட் கைப்பிடியை நிமிர்த்தி நிறுத்துமே தவிர ஆளைத் தாங்காது, போல்ட் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். மாடிச் சுவரும் கைப்பிடியும் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 75 கிலோ பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது இந்தியத் தர அளவை.

சிமென்ட் தூண்கள் வைத்த பழைய கைப்பிடிகளில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. உள்ளே கம்பி துருவேறி உப்பி கான்கிரீட்டைப் பிளக்கும். பிளவை வெள்ளைச் சிமென்ட் வைத்துப் பூசி, பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ பெயின்ட் அடித்துவிடுவோம். பெயின்ட் அடித்த துரு என்ன செய்யும் என்பதை 2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பியில் நாடு பார்த்தது. பழுதுபார்த்துத் திறந்து சில நாட்களே ஆன தொங்குபாலம் அறுந்து 135 பேர் செத்தார்கள். தாங்கு வடத்தின் 49 கம்பிகளில் 22 துருப்பிடித்திருந்தன என்றது விசாரணைக் குழு. நடைதளத்தை மாற்றியவர்கள் வடத்தை மாற்றவில்லை.

தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று அடிப்படையில் இணையத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது. சின்னக் குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்றும் கேட்பதில்லை. அலைச்சலும் கையூட்டும் குறையும் என்பதால் நான் இதை வரவேற்கிறேன். ஆனால் இனி யாரும் டேப் எடுத்துக்கொண்டு மாடிக்கு வரப்போவதில்லை. விதியின்படி கட்டுவேன் என்ற வாக்கு மட்டுமே இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் கட்டிய வீட்டுக்கு அந்த வாக்கும் கிடையாது. பழைய குட்டைச் சுவரை உயர்த்தச் சொல்லி அந்த வீட்டுக்காரரின் வாசலுக்கு எந்த நோட்டீசும் வராது. அந்த நிலையில் ஒருவர் கொத்தனாரைக் கூப்பிட்டு, “ஒரு மீட்டர் வர்ற மாதிரி செங்கல் ஏத்திக் குடுங்க” என்று சொன்னால், அதை நான் ஒரு அறச்செயல் என்றே கணக்கில் வைப்பேன். அப்பா கட்டிய சுவரை மாற்ற மனமில்லாதவர்கள் அதை இடிக்கவே வேண்டாம். சுவர் உறுதியாக இருந்தால், அதன்மேல் ஆழமாகப் பதித்த இரும்புக் குழாய் ஒன்று உயரத்தைச் சரிக்கட்டிவிடும்.

உறுதியைப் பார்க்கிறவர்கள் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பார்க்கக்கூடாது, விளிம்பை விட்டுத் தள்ளி நின்று உள்பக்கமாக இழுத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் அன்றைக்கே மட்டுப்பாக் கதவைப் பூட்டிவிடுவது நல்லது. வாடகைக்கு விட்ட வீடுகளில் இது இன்னும் கடினம். கைப்பிடி ஆடுவதைச் சொன்னால் வாடகை ஏறுமோ, காலி செய்யச் சொல்வாரோ என்று குடியிருப்பவர் பேசாமல் இருந்துவிடுவார். வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும், வீட்டுக்காரரே போய்ப் பார்க்க வேண்டும். துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பவர், மாதவாடகை வாங்க அனுப்புகிற ஆளையே மாடிக்கும் அனுப்பலாம்.