எரிந்தது யாருடைய வினை?

கம்ப்ரசர் எரிந்துபோனால் எண்ணூரில் இரண்டு பேரைக் கூப்பிடுகிறார்கள். ஒருவர் என்னைப் போன்ற ஏசி-ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இன்னொருவர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிறவர். அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆயுத பூஜை அன்று என் டூல்ஸ் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. ஆனால் கருகிய மோட்டாரைப் பார்த்து "எல்லாம் விதி" என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு ஒரு கேள்வி எழும். காரணத்தைத் தேடுவதை எந்த இடத்தில் நிறுத்தலாம்?

எர்ணாவூர்ப் பக்கம் மீனுக்குக் கோல்டு ரூம் வைத்திருக்கும் அக்கா ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "எந்த ஜென்மத்துப் பாவமோ தம்பி, மாத்துன மோட்டாரும் போச்சு" என்றார். நான் பாவத்தைப் பற்றிப் பேசவில்லை. இன்சுலேஷனை அளக்கும் மெகரை எடுத்தேன்.

எங்கள் தொழிலில் முதல் விதி, செத்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லாதே என்பது. சின்ன டீப் ஃப்ரீசர் கம்ப்ரசரில் காமன், ஸ்டார்ட், ரன் என்று மூன்று முனைகள். ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் இடையே ஓம்ஸ் காட்டும், காமனிலிருந்து இரண்டுக்குமே காட்டாது. அப்போது வைண்டிங் அறுந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. உள்ளே இருக்கும் ஓவர்லோடு சூட்டில் திறந்திருக்கலாம். ஆறவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஆறும்வரை பொறுமை இல்லாமல் நல்ல கம்ப்ரசரைப் பழைய இரும்புக்குப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

அக்காவுடையது மூன்று ஃபேஸ், செமி ஹெர்மெடிக். மெகர் முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கொண்டது. எண்ணெய் கருத்து, நெடி மூக்கைத் துளைத்தது. இது நிஜமாகவே எரிந்த மோட்டார். ஆனால் எரிந்தது என்பது விளைவு. அதைக் காரணம் என்று எழுதி பில் போட்டால் அடுத்த மோட்டாரும் எரியும். போல்ட்டுகளைக் கழற்றி உள்ளே பார்த்தேன். இரண்டு ஃபேஸின் சுருள்கள் கரி. மூன்றாவது ஃபேஸின் சுருள்கள் வார்னிஷ் பளபளப்போடு புதுசாக இருந்தன. ஸ்டார் இணைப்பு மோட்டாரில் இப்படி இருந்தால் கதை தெரிந்துவிடும். ஓடும்போது ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. மீதி இரண்டும் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்க ஏறக்குறைய 1.7 மடங்கு கரண்ட் இழுத்து வெந்திருக்கின்றன.

ஃபேஸ் எங்கே போனது? கான்டாக்டர் நன்றாக இருந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனதில் கட்டடத்தின் பொது மெயின் சுவிட்ச் வந்தது. திறந்தால் ஒரு கான்டாக்ட் உப்புக் காற்றில் அரித்துப் பச்சை பூத்திருந்தது. தொட்டால் பிடிக்கும், அதிர்ந்தால் விடும். அந்த சுவிட்ச் அக்காவுடையது இல்லை. அதைப் பராமரிக்க வேண்டியவர் வேறொருவர். முதல் மோட்டாரை மாற்றியவர் அதைத் திறந்து பார்க்கவே இல்லை. பணம் போனது அக்காவுக்கு. பாவக் கணக்கையும் அவரே தன் பெயரில் எழுதிக்கொண்டார்.

பழவினை என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. எரிந்த வைண்டிங் விட்ட அமிலம் குழாய்களிலும் எண்ணெயிலும் தங்கிவிடும். சுத்தம் செய்யாமல் புது மோட்டாரைப் போட்டால் அதன் இன்சுலேஷனை அரிக்கும். சேர்ந்து கிடக்கும் பழைய வினையைச் சைவர்கள் சஞ்சிதம் என்பார்கள். கம்ப்ரசருக்கு அது இருப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எண்ணெயை மாற்றி, டிரையரை மாற்றி, சிஸ்டத்தைக் கழுவினால் அது தீர்வதையும் கண்டிருக்கிறேன். நான் மறுப்பது வேறு ஒன்றை: துன்பம் யாருக்கு வந்ததோ அவரே அதற்குக் காரணம் என்ற முடிவை.

எண்ணூரில் இருப்பவனுக்கு இது வெறும் தத்துவ விசாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவு கலந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை பரவியது. படகும் வலையும் கருத்தன. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள். அம்மோனியா எங்களுக்குப் பழக்கமான வாயு. ஐஸ் ஃபேக்டரிகளில் ஓடுவது அதுதான். எங்கே ஒழுகினாலும் அதற்கு ஒரு வால்வோ, ஜாயின்ட்டோ, கவனிக்காமல் விட்ட ஒரு குழாயோ இருக்கும். "எண்ணூர்ல பொறந்தது நம்ம கர்மம்" என்று அப்போது ஒருவர் சொன்னபோது எனக்கு அந்த மெயின் சுவிட்ச்தான் ஞாபகம் வந்தது.

இதற்குப் படித்தவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "நீ காட்டுவது உடனடிக் காரணம். ஆயிரம் பேர் இருக்க, அது இவருக்கு ஏன் வந்தது? அதற்குப் பதில் வினைதான்." வலுவான கேள்விதான். பிறவிக் கணக்கை அளக்க என்னிடம் மீட்டர் இல்லை. ஆனால் இதை ஒட்டிய ஒரு கேள்வியைச் சீவகர் என்ற துறவி புத்தரிடம் கேட்டதாக சங்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. மனிதன் படும் இன்ப துன்பம் எல்லாமே முன்வினைதானா என்கிறார். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடியது, பருவ மாற்றம், கவனக் குறைவு, பிறர் தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எட்டில் அது ஒன்று. எல்லாம் முன்வினை என்பவர்கள் தாங்கள் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறார். எண்ணூருக்கு அந்தப் பட்டியலில் ஆறாவதும் ஏழாவதும் நன்றாகப் பொருந்தும்.

செய்த வினை விடாது என்பதற்குத் திருவொற்றியூர்க்காரர்கள் நாயன்மார் சுந்தரரைச் சொல்வார்கள். மகிழ மரத்தடியில் மனைவி சங்கிலியாரைப் பிரியேன் என்று சத்தியம் செய்தவர், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வையை இழந்தார். மகிழடி சேவை இன்றும் அங்கே நடக்கிறது. அந்தக் கதையில் செய்தவரும் அனுபவித்தவரும் ஒருவரே; என்ன செய்தார் என்பதும் ஊரறிந்தது. அப்படியிருந்தும் சுந்தரர் விதி என்று உட்கார்ந்துவிடவில்லை. கோயில் கோயிலாகப் போய் இறைவனிடமே முறையிட்டார். காஞ்சியில் ஒரு கண்ணையும் ஆரூரில் மறு கண்ணையும் பெற்றார். செய்த தப்பு தெரிந்த அவருக்கே முறையிடும் உரிமை இருந்தது என்றால், ஒரு தப்பும் செய்யாத மீனவருக்கு அது இல்லாமல் போகுமா?

தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவர் அதை வினைப்பயன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது அவருடைய ஆறுதல், அதில் தலையிட யாருக்கும் வேலை இல்லை. அடுத்தவர் துன்பத்தைக் காட்டி அதைச் சொல்வது, சுவிட்சைத் திறக்காமலே பில் போடுகிற வேலை. அந்த பில்லை எப்போதும் பாதிக்கப்பட்டவரே கட்டுகிறார். அதனால் வினை என்று சொல்லும்போது யாருடைய வினை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால், தெரியும்வரை கேபிளைப் பிடித்துக்கொண்டு போங்கள்.