ஒற்றரின் சொல்லுக்கு யார் சாட்சி?

நாட்டுக்காக வேடம் போட்டு வாழ்ந்த ஒருவர், பிறகு வணிகத்துக்கும் அரசியலுக்கும் வந்து வாக்குக் கேட்டால், அவர் சொல்லை எந்த அறத்தின்படி ஏற்பது? வாய்மையைப் போற்றும் திருக்குறள் ஒற்றாடலுக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்குகிறது. வாய்மை அறத்துப்பாலில் வருகிறது. ஒற்றாடல் பொருட்பாலில், அரசன் கடமைகளின் நடுவே வருகிறது. மறைந்து வாழும் உரிமை ஒற்றரின் சொந்தச் சொத்தன்று. ஆட்சி கொடுத்த இரவல். பணி முடிந்தால் அதுவும் முடிய வேண்டும். ஓர் ஒற்றர் சொன்னதை மற்றொருவரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், மூவர் சொல் ஒத்தாலே தெளிய வேண்டும் என்கிறார் வள்ளுவர். அமர்த்திய அரசனே தனிச்சொல்லை நம்பக்கூடாது என்றால், வாக்காளர் ஏன் நம்ப வேண்டும்?

ரஷ்யாவின் அலெக்சாண்டர் லெபெடெவ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்காக லண்டனில் பணிபுரிந்தவர், ஒன்றியம் சிதைந்தபின் வங்கி முதலாளியானார். 2003இல் மாஸ்கோ மேயர் தேர்தலில் தோற்றார். அதே ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரானார். 2009இல் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்', 2010இல் 'இண்டிபெண்டன்ட்' என, முன்பு உளவு பார்த்த அதே நகரின் நாளிதழ்கள் அவர் கைக்கு வந்தன. அர்த்தசாஸ்திரத்தில் வணிகர் என்பது ஒற்றர் போடும் வேடங்களுள் ஒன்று. இங்கே அது வேடமா, தொழிலா? வெளியிலிருந்து பார்ப்பவரால் சொல்ல முடியாது.

அவர் தம் பழைய வேலையை மறைக்கவில்லையே, அரசை விமர்சித்த 'நோவயா கஸெட்டா' இதழுக்கு முன்னாள் சோவியத் தலைவர் கோர்பச்சேவுடன் சேர்ந்து பணம் போட்டாரே என்பார்கள். உண்மைதான், அது அவர் கணக்கில் வரவு. ஆனால் ஒரு நற்செயல் மற்ற கணக்குகளுக்குச் சாட்சியாகாது. எல்லா வணிகரும் எதையாவது மறைப்பவர்கள்தானே என்றும் கேட்கலாம். மற்றவர் மறைப்பது தம் கணக்கை. இவர் பெற்ற பயிற்சியும் தொடர்பும் மக்கள் பணத்தில் விளைந்தவை. பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இன்னும் வலுவான மறுப்பு எழும்: வழிப்பறி செய்த திருமங்கை மன்னனையே பெருமாள் ஆழ்வாராக்கவில்லையா? ஆக்கினார். பெருமாள் உள்ளத்தை அறிந்தவர். வாக்காளருக்கு அந்தப் பார்வை இல்லை. அதனால்தான் ஆவணம் தேவைப்படுகிறது. மனமாற்றத்தை மறுக்க வேண்டாம், சரிபார்ப்பையும் விட வேண்டாம்.

உச்ச நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு நம் வேட்பாளர்கள் சொத்தையும் வழக்குகளையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்கிறார்கள். அதுவும் அவர்களே சொல்வதுதான். வாக்காளர் அதைப் படித்து, பிற சான்றுகளோடு ஒப்பிட்ட பிறகே வாக்களிக்க வேண்டும். மூன்று சாட்சி கேட்பது அவமதிப்பு அன்று. ஆளும் உரிமை கொண்டவரின் கடமை.