பேசாத பிள்ளைக்கு விளங்காதா?

வாய் பேசாத பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது என்று நாமே தீர்ப்பிட்டுவிடுகின்றோம். நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓட்டிசத்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்டு மொழித்திறன் குன்றிய பிள்ளைகளின் மூளையைக் காந்தப் படக் கருவியால் ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். பேச்சைக் கேட்கையில் மூளையின் இடது முன்புற மொழிப்பகுதி ஏனைய பிள்ளைகளைவிடக் குறைவாக இயங்கியது. பாட்டைக் கேட்கையிலோ அவர்களைவிடக் கூடுதலாக இயங்கியது.

பிள்ளை என்ன விளங்கிக்கொண்டது என்பதை அப்படம் சொல்லாது. படத்தில் ஒன்றுமே தெரியாவிடினும் பிள்ளையின் மாண்பு குறையாது. மாண்பு கருவி அளந்து தரும் பரிசன்று.

ஆகவே பெற்றோரே, விளங்கும் என்றே எண்ணிப் பேசுங்கள். விளங்காவிடின் நட்டமில்லை. விளங்கும் பிள்ளையின் முன்னிலையிலேயே அதனை இழித்துப் பேசுவோமாயின், அது பெரும் அநீதி.